சுவருக்கு முன்னால் ஐந்து தப்படி

இடது பக்கச் சுவரை இருபது அடி உள்ளே நகர்த்தப்போவதாக கிரெய்க் சொன்ன அன்றே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படியான காரணம் இல்லை அது.

கேலவே ஃபெரியில் ஹெரன்ஸ் அணியின் பேஸ்பால் மைதானத்தை இருபத்திரண்டு வருடமாகக் கவனித்துக்கொள்பவள் நான். பெயர் வெர்னா ஷூல்டிஸ். புல் வெட்டுவேன், கோடு போடுவேன், மழை வந்தால் தார்ப்பாயை இழுத்து மூடுவேன். ஆட்டக்காரர்கள் வருவார்கள், போவார்கள். பாதிப் பேருக்கு என் பெயர்கூடத் தெரியாது. சூரியகாந்தி விதையை மென்று தோலை என் புல்லில் துப்ப மட்டும் எல்லோருக்கும் தெரியும். வாயில் போட்டதைக் கீழே துப்பாமல் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போன ஒரே ஆள், இடது கோடியில் நின்று பந்து பிடிக்கும் எலீசியோ பிமென்டல். டொமினிக்கன் நாட்டுப் பையன். அந்த ஒரு காரியத்துக்காகவே அவன் மேல் எனக்குப் பிரியம்.

பழைய சுவர் பலகைச் சுவர். பதினாறு அடி உயரம், அடிக்கிறவன் நிற்கும் இடத்திலிருந்து முந்நூற்று நாற்பத்தைந்து அடி. அதற்கு முன்னால் பதினைந்து அடி அகலத்துக்குப் புல் கிடையாது; பொடித்த செங்கல்தான் பரப்பியிருக்கும். அழகுக்காகப் போட்டதில்லை அது. வானத்தில் போகும் பந்தைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக ஓடுகிறவனுக்குச் சுவர் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? கால்தான் சொல்ல வேண்டும். புல் மெத்தென்று இருக்கும். செங்கல் பொடி நறநறவென்று கத்தும். கத்த ஆரம்பித்தால் சுவர் வந்துவிட்டது என்று அர்த்தம்.

கிரெய்க் எங்கள் மேலாளன். ஜூலை வெயிலிலும் டை கட்டுகிற மனிதன். புதுச் சுவர் எட்டடிதான், நீல நிற மெத்தை வைத்தது என்று வரைபடத்தை விரித்துக் காட்டினான். சுவருக்குப் பின்னால் மரத்தளம், மேசை நாற்காலி. குடும்பத்தோடு வந்து சாசேஜ் சாப்பிட்டுக்கொண்டே சுவரைத் தாண்டி வரும் ஹோம் ரன் பந்தைக் கையில் பிடிக்கலாமாம்.

"ஜனங்க ஹோம் ரன் பாக்கத்தான் வர்றாங்க வெர்னா. புல்லப் பாக்க யாரும் வர்றதில்ல."

"சரி, செங்கல் பட்டை என்ன ஆகும்? அது சுவருக்குப் பின்னால மாட்டிக்குமே."

"அத குளிர்காலத்துல பாத்துக்கலாம். இப்ப சுவர் வரைக்கும் பச்சைப்பசேல்னு இருக்கட்டுமே. போட்டோல அழகா இருக்கும்." அப்படியே மூச்சு விடாமல், "அப்புறம், நீங்க மூணு வருஷமா கேட்டுட்டிருந்த புது தார்ப்பாய்... இந்த வருஷம் வாங்கிரலாம்" என்றான்.

என் பழைய தார்ப்பாயில் ஒட்டுப் போட்ட இடம் அதிகமா, ஒட்டுப் போடாத இடம் அதிகமா என்று கேட்டால் சொல்ல முடியாது. நான் வாயை மூடிக்கொண்டேன். இதுதான் அந்தக் காரணம்.

மே மாதம் ஆட்டங்கள் தொடங்கின. சுவரை நகர்த்தினால் ஆட்டமே நகர்ந்துவிடும் என்பது எனக்கே அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. பழைய பலகையில் பட்ட பந்து டமாரென்று திரும்பி வரும். அதை நம்பி முன்னால் நின்ற எங்கள் பையன்கள் இப்போது முட்டாள்போல் நின்றார்கள். மெத்தையில் பட்ட பந்து செத்த எலி மாதிரி அடியிலேயே விழுந்து கிடந்தது. எலீசியோவுக்குக் காக்க வேண்டிய இடம் குறைந்ததால் அவன் கொஞ்சம் முன்னால் வந்து நின்றான். போன வருடம் அவனுக்கு முன்னால் விழுந்து உருண்ட குட்டைப் பந்துகள் எல்லாம் இந்த வருடம் அவன் கையுறையில் விழுந்தன. அந்த வரைக்கும் லாபம்தான்.

நஷ்டம் எல்லாம் ரஸ்ஸல் டீட்ஸ் தலையில் விடிந்தது.

ரஸ்ஸல் எங்கள் பந்து வீச்சாளன். முப்பத்துநான்கு வயது. பெரிய அணிகள் எல்லாம் கைவிட்ட பிறகு இங்கே வந்தவன், எட்டு வருடமாக இங்கேயே. இந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டான். அவனுடைய ஆயுதம் உயரமாக வரும் ஒரு பந்து. அடிக்கிறவன் ஆசைப்பட்டு அதன் அடிவயிற்றில் அடிப்பான். அது வானத்துக்கு ஏறி, மெதுவாக இறங்கி, பழைய சுவர்ப் பக்கம் எலீசியோவின் கையுறையில் வந்து உட்காரும். எட்டு வருடம் இந்த வித்தை பலித்தது. இப்போது அதே பந்துகள் அதே இடத்தில் வந்து இறங்கின. ஆனால் அந்த இடத்தில் மேசை நாற்காலி கிடந்தது. ஜனங்கள் சாசேஜைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்கள்.

மே மாதத்தில் மட்டும் ஒன்பது ஹோம் ரன். எதிரணி ஆட்கள் அவனைப் பார்த்து, "டீட்ஸ், இன்னைக்கு எத்தனை பேருக்குப் பரிமாறப் போற?" என்று கத்துவார்கள். சுவரைக் குறை சொன்னால் ஊர் விடுமா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்கிற கதையாகப் பேசினார்கள். அவன் பயந்து உயரப் பந்தையே விட்டுவிட்டான். தாழ்வாக, ஓரமாக, ஒளித்து ஒளித்துப் போட்டான். அது அவனுக்கு வராது. அடிக்கிறவர்கள் மட்டையைத் தூக்காமலே சும்மா நின்று, நாலு பந்து தவறியதும் இலவசமாக முதல் பேஸுக்கு நடந்து போனார்கள். சுவர் நகர்ந்தது இருபது அடி. ரஸ்ஸலின் தைரியம் நகர்ந்ததற்கு அளவே இல்லை.

ஜூன் முதல் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, ரஸ்ஸல் மறந்துபோய் ஒரு உயரப் பந்தைப் போட்டான். இடது பக்கம் ஏறியது. எலீசியோ அண்ணாந்தபடியே பின்னால் ஓடினான். ஓட்டம் குறையவே இல்லை. இடது மூலையில் வேலையாட்கள் வந்துபோகும் கதவருகே நின்றிருந்த நான் "சுவர்! சுவர்!" என்று கத்தினேன். மூவாயிரம் பேர் கத்தும்போது என் தொண்டை யாருக்குக் கேட்கும்? தோள் முன்னால் போய் மோதினான். மெத்தை இருந்தும், உள்ளே இருந்த இரும்புக் கம்பத்தின் சத்தம் எனக்குக் கேட்டது.

எலும்பு முறியவில்லை. தோள் விலகியிருந்தது. கையைத் தொங்கல் கட்டில் போட்டு, பத்து நாள் ஆடக்கூடாது என்றார்கள். அவன் மைதானத்தை விட்டு நடந்து வரும்போது என் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றான். எங்கள் ஆட்களில் அவன் ஒருவன்தான் என்னைத் தன் ஊர் மரியாதையில் தோன்யா என்று கூப்பிடுவான்.

"தோன்யா வெர்னா, நான் காத்துட்டே இருந்தேன். காலுக்கடியில செங்கல் கத்தும், கத்தும்னு. அது கத்தவே இல்ல" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதிசயமாகச் சொன்னான், ரொம்ப நாள் சிநேகிதன் ஒருவன் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காமல் போனதைச் சொல்வதுபோல.

அவன் திட்டியிருந்தால் நான் அன்றைக்குத் தூங்கியிருப்பேன்.

மறுநாள் காலை விடிந்ததும் புல் அறுக்கும் கருவியை எடுத்தேன். புதுச் சுவரின் ஓரமாக, நான் பிள்ளைபோல வளர்த்த புல்லைப் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டிச் சுருட்டி வெளியே போட்டேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான். ஆனாலும் வாலையாவது பிடிக்க வேண்டாமா? பழைய செங்கல் பொடி எங்கேயும் போய்விடவில்லை. மரத்தளத்துக்கு அடியில் இருட்டில் அப்படியே கிடந்தது. குனிந்து உள்ளே போய் அதையே வாரி, தள்ளுவண்டியில் போட்டுக் கொண்டுவந்தேன். புதுப் பொடி வாங்கியிருக்கலாம். ஆனால் எலீசியோவின் கால் பழகிய சத்தம் இந்தப் பொடியில்தான் இருந்தது.

இரண்டாம் நாள் கிரெய்க் டை பறக்க ஓடி வந்தான்.

"வெர்னா! என்ன பண்றீங்க? யாரக் கேட்டு புல்ல வெட்டுனீங்க?"

"வளக்கறப்ப யாரக் கேட்டேன்?"

"குளிர்காலத்துல பண்ணலாம்னு சொன்னேன்ல?"

"உங்க சுவருல ஒருத்தன் மோதி விழுந்துட்டான். அடுத்தவன் மோதறது குளிர்காலத்துலதான்னு எழுதிக் குடுங்க, நிறுத்திடறேன்."

"அப்ப அந்தத் தார்ப்பாய்..."

"நீங்களே வெச்சுக்குங்க. மழ வந்தா நான் குடை புடிச்சுக்கறேன்."

அவன் முகம் சிவந்தது. விருட்டென்று திரும்பிப் போனான். மூன்றாம் நாள் காலை என் தள்ளுவண்டிமேல் ஒரு பெட்டி டோனட் இருந்தது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கிரெய்க்கும் மோசமானவன் இல்லை. கால் பேசும் என்பது டை கட்டுகிறவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அன்றைக்கே எலீசியோ தொங்கல் கட்டோடு வந்து நின்றான். எவ்வளவு அகலம் வேண்டும் என்று கேட்டேன். அவன் சுவரில் முதுகை வைத்து நின்று, ஓடுகிற மாதிரியே நீளமாகத் தப்படி வைத்து நடந்தான். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஐந்தாவதில் நின்று குதிகாலால் ஒரு கோடு கிழித்தான்.

"இங்கதான் ஆரம்பிக்கணும். அஞ்சாவது தப்படியில தாவிருவேன். முன்னாடி பதினாறடிச் சுவரு, தாவி என்ன பிரயோஜனம்? இப்ப எட்டடிதான? கைய அந்தப் பக்கம் நீட்டி, சாப்புடறவன் தட்டுலருந்து சாசேஜக்கூட எடுத்துட்டு வந்துருவேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். இனி வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

"எலீசியோ, செங்கல் பட்ட இல்லாம ஆடக்கூடாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்டா. தார்ப்பாய் வாங்கித் தர்றேன்னு கிரெய்க் சொன்னான். பேசாம இருந்துட்டேன். உன் தோளு என்னாலதான்."

அவன் கொஞ்ச நேரம் செங்கல் பொடியைக் காலால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"நல்ல தார்ப்பாயா?"

"நல்ல தார்ப்பாய்தான்."

"ஒட்டு இல்லாம?"

"இல்லாம."

"அப்ப சரி" என்றான். "எங்கம்மா மேல்கூரைக்கு ஒரு நல்ல தார்ப்பாய் கெடைக்கும்னா, ரெண்டு தோளையும் குடுத்திருப்பா. அதுவும் என் தோளத்தான்." நல்ல கையால் மண்வெட்டியை எடுத்து என் வண்டியில் ஒரு வாரு வாரிப் போட்டான். அவனைப் பெற்றவள் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் ரஸ்ஸல் வந்தான். நேராகத் தள்ளுவண்டியைப் பிடித்துத் தள்ளினான். பத்து வண்டி ஆன பிறகு வாயைத் திறந்தான்.

"கிரெய்க் கூப்புட்டான் வெர்னா. அடுத்த ஞாயித்துக்கெழம ஒரு சின்னப் பையன் வர்றானாம், பந்து போட. ரெண்டு பேருக்கும் எடமில்லயாம். அடுத்த சனிக்கெழம என் ஆட்டத்தப் பாத்துட்டு முடிவு பண்றானாம்."

முப்பத்துநான்கு வயதில் இங்கே இடம் போனால் வேறெங்கும் இடம் கிடைக்காது. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"எப்படிப் போடப் போற?"

"தாழ்வாத்தான். ஒசரமாப் போட பயமா இருக்கு. பந்து கையவிட்டுப் போறப்பவே எனக்கு அந்த மேச நாற்காலிதான் தெரியுது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "தாழ்வாப் போட்டுத் தோத்தா மட்டும் கவுரவமாடா? வராத வேலயச் செஞ்சு வீட்டுக்குப் போறதுக்கு, வந்த வேலயச் செஞ்சுட்டுப் போ."

சுவரில் சாய்ந்து விதை மென்றுகொண்டிருந்த எலீசியோ தோலைப் பையில் போட்டுவிட்டு, "வெள்ளிக்கெழம கட்டப் பிரிச்சுருவாங்க. சனிக்கெழம நான் இங்க நிப்பேன்" என்றான். "நீ உன் பந்தப் போடு, ரஸ். அது இங்க வரைக்கும் வந்துச்சுன்னா, அப்புறம் அது என் கவல."

ரஸ்ஸல் அவனை நிமிர்ந்து பார்த்தான். வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். ஐந்தாம் நாள் உருளை விட்டு அமுக்கி, நீளக் கைப்பிடி வாரியால் சீவி முடித்தேன். காலை வைத்து அழுத்திப் பார்த்தேன். நறநற. பழைய குரல் அப்படியே.

சனிக்கிழமை மதியம் ஒரு மணி ஆட்டம். நல்ல வெயில், காற்று இடது பக்கமாக வீசியது. ரஸ்ஸலுக்கு வேண்டாத காற்று. மரத்தளத்தில் ஒரு நாற்காலி காலி இல்லை. கிரெய்க் முதல் வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

எட்டு இன்னிங்ஸ் வரை ரஸ்ஸல் தாழ்வாகத்தான் போட்டான். தட்டுத் தடுமாறி, வேர்த்து வழிந்து எப்படியோ வந்து சேர்ந்தான். மூன்றுக்கு இரண்டு என்று நாங்கள் முன்னால் இருந்தோம். ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவன்தான் பாக்கி. ஒருவன் முதல் பேஸில் நின்றான். அடிக்க வந்தவன் எருமைக் கழுத்துக்காரன், மே மாதத்தில் ரஸ்ஸலின் பந்தை மேசைமேல் இருந்த கடுகுச் சாஸ் புட்டியில் இறக்கியவன். ஒரு ஹோம் ரன் போனால் இரண்டு ரன். ஆட்டமும் போகும், ரஸ்ஸலும் போவான்.

முதல் பந்து தாழ்வாக, வெளியே. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது தரையில் பட்டது. இன்னும் ஒன்று தவறினால் அவன் நடந்து போவான், அடுத்து வருபவன் அவனைவிட மோசமானவன்.

ரஸ்ஸல் பந்து வீசும் மேட்டைவிட்டு இறங்கினான். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தான். பிறகு திரும்பி இடது பக்கம் பார்த்தான். எலீசியோ அங்கே கையுறைக்குள் இரண்டு குத்து குத்திக் காட்டினான். அவ்வளவுதான் பேச்சு.

அடுத்த பந்து உயரமாகப் போனது. எட்டு வருடமாக நான் பார்த்த அதே பந்து. எருமைக் கழுத்துக்காரன் ஆசைப்பட்டான். மட்டையில் பட்ட சத்தம் கேட்டதும் மரத்தளத்தில் எல்லோரும் எழுந்தார்கள்.

பந்து ஏறிக்கொண்டே போனது. போன வருடமாக இருந்தால் இதைப் பார்த்து நான் கொட்டாவி விட்டிருப்பேன். எலீசியோ நின்ற இடத்திலிருந்து நாலு எட்டு நடந்து போய்ப் பிடித்திருப்பான். இந்த வருடம் இது ஹோம் ரன். தளத்தில் ஒருவன் தட்டை வைத்துவிட்டு இரண்டு கையையும் சுவருக்கு வெளியே நீட்டினான். "கைய உள்ள இழுடா, தடியா!" என்று நான் போட்ட சத்தத்தில் அவன் நிஜமாகவே இழுத்துக்கொண்டான். என் தொண்டை அன்றைக்கு ஒருவனுக்காவது கேட்டது.

எலீசியோ அண்ணாந்தபடியே ஓடி வந்தான். ஒருமுறைகூடச் சுவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. புல்லில் சத்தமே இல்லை. பிறகு, நற. நான் எண்ணினேன். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவதில் ஓட்டத்தைக் குறுக்கினான். ஐந்தாவதில் தரையைவிட்டுப் போனான்.

கை தோள்வரை சுவருக்கு அந்தப் பக்கம் போனது. அடிபட்ட அதே தோள். ஒரு கணம் மெத்தைமேல் துணி காயப்போட்ட மாதிரித் தொங்கினான். பிறகு சறுக்கிக் கீழே விழுந்து, பொடி படிந்த முகத்தோடு உட்கார்ந்து, கையுறையை உயர்த்தினான். அதன் நுனியில் பந்து, கோனில் வைத்த ஐஸ்கிரீம் போல் பாதி வெளியே தெரிந்தது.

அவுட். ஆட்டம் முடிந்தது. கிரெய்க் நாற்காலிமேல் ஏறி நின்று டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டிருந்தான். முடிவு என்ன என்று அவனிடம் யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. சுவர் தாண்டிப் போன பந்தை ஒருவன் திருப்பிக் கொண்டுவந்தால், பந்து வீசியவன் மைதானத்தைவிட்டு இறங்கமாட்டான். நின்று, அவனைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றுவான். ரஸ்ஸல் மேட்டிலேயே நின்று தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். அவ்வளவு தூரத்திலிருந்தும் அவன் அழுவது தெரிந்தது.

எலீசியோ எழுந்து நின்றான். தலையை இல்லை என்று ஆட்டினான். குனிந்து ஒரு கைப்பிடி செங்கல் பொடியை அள்ளி ரஸ்ஸலுக்குத் தெரியும்படி விரல் வழியாக ஒழுகவிட்டான். பிறகு மூலைக் கதவுப் பக்கம், என் பக்கம், திரும்பித் தன் தொப்பியைக் கழற்றினான்.

யாருக்கு என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் தார்ப்பாய் உருளைதான் இருந்தது.

ரஸ்ஸலும் அதைப் பார்த்துவிட்டான். அவனும் மெதுவாக என் பக்கம் திரும்பினான், தொப்பி இன்னும் நெஞ்சில்தான் இருந்தது. மூவாயிரம் பேருக்கு என்ன நடக்கிறது என்று புரியவில்லை. எனக்குப் புரிந்தது, தாங்கத்தான் முடியவில்லை. யாருடைய தோளை ஒரு தார்ப்பாய்க்கு விற்றேனோ, அவன் எனக்கு மரியாதை செய்துகொண்டு நிற்கிறான். இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரும் இந்த மூலையைத் திரும்பிப் பார்த்ததில்லை. அழுதேன். மறைக்கவும் இல்லை.

திருப்பிக் கழற்றிக் காட்ட என் தலையில் தொப்பிகூட இல்லை. கையில் பொடி சீவும் வாரி இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்து, என்னால் முடிந்த உயரத்துக்குத் தூக்கிக் காட்டினேன்.